மண்டை காய்ந்துபோகிறதா? வேலைக்குப் போய்க்கொண்டே குரூப் 4 படிப்பவர்கள் எங்கே தொடங்கிச் சரிபார்ப்பது

பகல் முழுக்க கம்பெனி, ராத்திரி டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்காகச் சமச்சீர் பள்ளிப் புத்தகம். திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்தில் கூடிப் படிக்கும் எங்கள் வட்டத்தில் பாதிப் பேருக்கு மேல் இதுதான் வாழ்க்கை. வரலாறு, அறிவியல், கணக்கு என்று பாடத்தில் சந்தேகம் கேட்பவர்களைவிட "மண்டை காய்ஞ்சு போச்சு, எதுவுமே ஏற மாட்டேங்குது" என்று சொல்பவர்கள்தான் அதிகம். அதற்கு உடனே கிடைக்கும் வைத்தியம் புது டைம்டேபிள். மூன்று கலர் பேனாவில் கட்டம் போட்டு எழுதுவார்கள். அந்த வாரம் முடிவதற்குள் அது சுவரில் ஒட்டிய தாளாக மட்டும் மிஞ்சும்.

டைம்டேபிளில் கோளாறு இருந்தால்தானே டைம்டேபிளை மாற்றிப் பயன்? சோர்வு என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குள் ஐந்தாறு வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. ராத்திரி 10 மணிக்குக் கண் சொக்குவது ஒன்று. கண் விழித்திருந்தும் வரி மனதில் நிற்காதது வேறு. புத்தகத்தைப் பார்த்தாலே வெறுப்பு வருவது முற்றிலும் வேறு. உங்களுடையது எது என்று கீழே பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று பொருந்தினால், இங்கே முதலில் வருவதை முதலில் சரிசெய்யுங்கள். தூக்கத்தையும் உடம்பையும் விட்டுவிட்டுப் படிக்கும் முறையை மாற்றுவது வீண் வேலை. ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, ஒரு வாரமாவது விட்டுப் பாருங்கள். நாலையும் ஒன்றாக மாற்றினால் எது கேட்டது என்று கடைசி வரை தெரியாது.

முதலில் ஒன்றை விலக்கிவிடுவோம்

இரண்டு வாரத்துக்கு மேலாக, பெரும்பாலான நாட்களில், நாள் முழுக்க மனசு கனத்தே இருக்கிறதா? முன்பு பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல், சாப்பாடும் தூக்கமும் தாறுமாறாகி, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற நினைப்பே ஓடுகிறதா? அது படிப்புச் சோர்வாக இல்லாமல் மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதைப் படிப்பு முறையால் சரிசெய்ய முடியாது, டாக்டரைப் பார்க்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலும் காத்திருக்க வேண்டாம். 14416 என்பது டெலி மானஸ், 2022இல் தொடங்கிய மத்திய அரசின் இலவச மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள். தமிழக அரசின் 104க்கும் அழைக்கலாம். வீட்டில் இருப்பவரிடமோ நெருங்கிய நண்பரிடமோ அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

அப்படி இல்லையென்றால், மேலே படியுங்கள்.

அறிகுறி: உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில் கண் சொக்குகிறது

கணக்கு எளிது: நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்? பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம் வேண்டும். 'எனக்கு அஞ்சு மணி நேரமே போதும்' என்பவரிடம், ஞாயிற்றுக்கிழமை அலாரம் இல்லாமல் எத்தனை மணிக்கு எழுகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒன்பது, ஒன்பதரை என்றால் வாரம் முழுக்கப் பட்ட கடனை உடம்பு அன்றைக்கு வசூலிக்கிறது.

இதில் பெரிய வில்லன் விடியற்காலை 4 மணி. 'நாலு மணிக்கு எழுந்து படி, நெஞ்சில் நிற்கும்' என்று எல்லோரும் சொல்வார்கள். 4 மணிக்கு எழச் சொல்பவர் யாரும் எத்தனை மணிக்குப் படுக்க வேண்டும் என்று சொல்வதில்லை. ஒன்பது மணிக்குள் படுக்க முடிகிறவருக்கு அது நல்ல நேரம்தான். கம்பெனி விட்டு எட்டு மணிக்கு வீடு வந்து, சாப்பிட்டு, படித்து, 12 மணிக்குப் படுப்பவர் நாலுக்கு எழுந்தால், அன்று படித்ததில் பாதியை அவரே அழிக்கிறார். பகலில் படித்தது நிலைத்த நினைவாகப் பதிவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதை வெட்டிப் படிப்பு நேரம் சேர்ப்பதில் லாபமே இல்லை.

செய்ய வேண்டியது: ஒரு வாரத்துக்குப் படிப்பு நேரத்தில் ஒரு மணியைக் குறைத்து, அதைத் தூக்கத்துக்குக் கொடுங்கள். பயமாகத்தான் இருக்கும், கொடுத்துப் பாருங்கள். மீதி ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற பக்கங்கள், முன்பு இரண்டரை மணி நேரத்தில் முடிந்ததைவிடக் குறைகிறதா என்று எண்ணுங்கள். குறையவில்லை என்றால் கோளாறு பிடிபட்டது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருவது வேறு வகை. இரண்டு மூன்று மணிக்கு உடம்பே கொஞ்சம் இறங்கும், எல்லோருக்கும் உண்டு. தட்டு நிறையச் சோறு அதைக் கூட்டும். விடுமுறை நாளில் அந்த நேரத்தில் 20 நிமிடம் அலாரம் வைத்துத் தூங்குங்கள். ஒரு மணி நேரம் தூங்கினால் ஆழ்ந்த தூக்கத்தின் நடுவில் எழுந்து, சாயங்காலம் வரை மந்தமாகத் திரிய வேண்டியிருக்கும்.

அறிகுறி: படிக்கும்போது தூக்கம், படுத்தால் விழிப்பு

எங்கள் வட்டத்தில் ஒரு பெண், பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். அவருடைய ஒரு நாளை எழுதச் சொன்னோம். காலை 11க்குக் கம்பெனி டீ. மாலை நாலரைக்கு இன்னொன்று. வீட்டுக்கு வந்து, சமைத்து, பாத்திரம் கழுவி வைக்கும்போது ஒன்பதரை. தூக்கம் கலைய ஒரு ஸ்ட்ராங் காபி. பிறகு பத்தாம் வகுப்பு சமூக அறிவியல். பதினொன்றரைக்கு விளக்கை அணைத்துவிட்டு, ஒரு மணி வரை கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

பதில் அந்தத் தாளிலேயே இருந்தது. காபியில் உள்ள கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். ஒன்பதரைக்குக் குடித்ததில் பாதி, ராத்திரி இரண்டரைக்கும் ரத்தத்தில் ஓடுகிறது. நாலரை டீயோடு நிறுத்தச் சொன்னோம். முதல் மூன்று நாள் தலைவலி, படிப்பும் ஓடவில்லை. அதற்குப் பிறகு படுத்தால் தூக்கம் வந்தது. காபியை விடுபவர்களுக்கு அந்தத் தலைவலி சகஜம், அதைப் பார்த்துவிட்டுப் பாதியில் திரும்ப வேண்டாம்.

காபியே குடிக்காதவருக்கும் தூக்கம் வரவில்லையா? அப்படியென்றால் பெரும்பாலும் மனதில் ஓடும் பட்டியல்தான் காரணம்: நாளைக்கு இதை அனுப்பணும், கரண்ட் பில் கட்டணும், இந்திய அரசியலமைப்பு இன்னும் தொடவே இல்லை. அமெரிக்காவில் பேய்லர் பல்கலைக்கழகத்தினர் 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், படுக்கும் முன் 5 நிமிடம் அடுத்து செய்ய வேண்டிய வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள். செலவில்லாத வைத்தியம். தலைமாட்டில் ஒரு நோட்டு, ஒரு பேனா. செல்போனில் எழுத வேண்டாம். எழுதி முடித்த கையோடு விரல் வேறு எங்கோ போய்விடும், அங்கே 'யாரெல்லாம் இன்னும் படிச்சிட்டு இருக்கீங்க?' என்று டெலிகிராம் குழுவில் ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார். அந்தக் கேள்விக்குக் கை தூக்குபவர்கள் பாஸாகிறார்களோ இல்லையோ, நம் தூக்கம் போய்விடும்.

அறிகுறி: நன்றாகத் தூங்கியும் அடித்துப்போட்டது மாதிரி இருக்கிறது

இது மனச்சோர்வு என்று நினைத்துப் பல மாதம் தன்னையே திட்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உடம்பைப் பார்க்க வேண்டும்.

முதல் சந்தேகம் ரத்தசோகை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. படி ஏறினால் மூச்சு வாங்குவது, தலை சுற்றல், மாதவிலக்கில் அதிக ரத்தப்போக்கு இதில் ஏதாவது இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஹீமோகுளோபின் பார்த்துவிடுவார்கள். பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழ், ஆண்களுக்கு 13க்குக் கீழ் என்றால் ரத்தசோகை. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் அதை டீ, காபியோடு சேர்த்து விழுங்காதீர்கள், சத்து உடம்பில் சேராது. எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய் மாதிரி ஏதாவதோடு எடுத்தால் நன்றாகச் சேரும்.

அதோடு தைராய்டு, சர்க்கரை, சைவம் மட்டும் சாப்பிடுபவராக இருந்தால் பி12. டாக்டரிடம் இந்தப் பெயர்களைச் சொல்லியே கேட்கலாம், தப்பில்லை. இன்னொன்று பலரும் விட்டுவிடுவது: பலத்த குறட்டை. தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு வருகிறது என்று வீட்டில் சொன்னால், எட்டு மணி நேரம் படுத்திருந்தும் தூக்கம் முழுமையாகவில்லை என்று அர்த்தம். காது மூக்கு தொண்டை அல்லது நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள்.

ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தால் சந்தோஷம். அடுத்ததற்குப் போகலாம்.

அறிகுறி: புத்தகம் இங்கே, மனசு கம்பெனியில்

ஷிப்மென்ட் இருக்கிற வாரத்தில் எங்கள் வட்டத்தில் யாருக்குமே படிப்பு ஓடாது. கண் வரியின் மேல் போகும், மனசு 'அந்த பாக்ஸ் கவுண்ட் சரியா' என்று கேட்டுக்கொண்டிருக்கும். ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு இன்னொன்றுக்குத் தாவினால் கவனத்தின் ஒரு பங்கு பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் எழுதினார். நம் அனுபவமும் அதுதான்.

கம்பெனியை விட்டுக் கிளம்பும் முன், இருக்கையில் உட்கார்ந்தபடியே இரண்டு வரி எழுதுங்கள்: எது பாதியில் நிற்கிறது, நாளை வந்ததும் அதில் முதல் வேலை என்ன. 'இன்வாய்ஸ் பாக்கி' என்று எழுதினால் போதாது. 'காலையில் வந்ததும் இன்வாய்ஸ் 3ஆம் பக்கத்துத் தொகையைச் சரிபார்க்கணும்' என்கிற அளவுக்கு இருக்க வேண்டும். எப்போது, எப்படி என்பது முடிவாகிவிட்டால் மனசு அந்த விஷயத்தை விடாமல் கிளறுவது குறைகிறது.

வீட்டுக்கு வந்ததும் அரை மணி நேரம் ஆறவும் வேண்டும். ஆனால் அந்த அரை மணி நேரம் ரீல்ஸ் பார்ப்பதில் போனால் அது ஓய்வுக் கணக்கில் வராது. பகல் முழுக்க உழைத்த அதே கண்ணும் அதே கவனமும்தான் அங்கேயும் வேலை செய்கின்றன. குளியுங்கள், தெருவில் ஒரு சுற்று நடங்கள், பிள்ளையோடு விளையாடுங்கள், சும்மா திண்ணையில் உட்காருங்கள். அப்புறம் புத்தகம்.

அறிகுறி: முழிப்பாகத்தான் இருக்கிறேன், ஆனால் எதுவும் நிற்கவில்லை

ஒரே பத்தியை மூன்று தடவை படித்தும் ஏறவில்லை என்றால், நான்காவது தடவை படிக்காதீர்கள். சோர்ந்த மூளைக்கு மிகச் சுலபமான வேலை திரும்பத் திரும்ப வாசிப்பதுதான். அதனால்தான் ராத்திரியில் எல்லோரும் அதையே செய்கிறோம். படித்த திருப்தி வரும், பரீட்சை ஹாலில் எதுவும் வராது.

ரோடிகர், கார்பிக் இருவரும் 2006இல் மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்கள், 5 நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, படித்ததை மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் நன்றாக முந்திவிட்டார்கள். நமக்குத் தேவை எந்தத் தேர்வு என்று சொல்ல வேண்டியதில்லை.

ராத்திரி நேரத்துக்கு இப்படி மாற்றுங்கள்: இரண்டு பக்கம் படித்துப் புத்தகத்தை மூடி, ஒரு பழைய தாளின் பின்புறத்தில் நினைவுக்கு வருவதைக் கிறுக்குங்கள். 'வேலூர் கலகம், 1806, கில்லஸ்பி, புதுத் தலைப்பாகை' இந்த மாதிரி, வாக்கியம்கூட வேண்டாம். பிறகு திறந்து விட்டதைப் பாருங்கள். முதலில் எரிச்சலாக இருக்கும், வருவது குறைவாக இருப்பதால். மறுநாள் காலையில் அதே தாளைப் பார்க்காமல் இன்னொரு முறை கிறுக்குங்கள்.

புதுப் பாடமும் கணக்கும் காலைக்கு. நினைவுபடுத்துவதும் பழைய வினாத்தாளும் ராத்திரிக்கு. காலையில் 40 நிமிடம்தான் கிடைக்கும் என்றாலும் அந்த 40ஐக் கடினமானதற்கே வையுங்கள்.

அறிகுறி: படிக்கப் படிக்க மாதிரித் தேர்வு மார்க் இறங்குகிறது

இது வந்துவிட்டால் பலர் 'இன்னும் போதவில்லை' என்று படிப்பு நேரத்தைக் கூட்டுவார்கள். நேரத்தைத் தொடும் முன் விடைத்தாளை எடுங்கள்.

குரூப் 4இல் 200 கேள்வி, 300 மார்க், 3 மணி நேரம். முதல் 100 தமிழ்த் தகுதித் தேர்வு, அதற்குள்ள 150 மார்க்கில் 40 சதவீதம், அதாவது 60 மார்க் எடுத்தால்தான் அடுத்த பகுதியையே திருத்துவார்கள். அடுத்த 100இல் 75 பொது அறிவு, 25 திறனறிவுக் கணக்கு. உங்கள் மாதிரித் தேர்வின் தவறுகளை 50, 50 ஆகப் பிரித்து நான்கு கட்டத்தில் எண்ணுங்கள். பிறகு ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து: தெரியாமல் போனதற்குத் 'தெ', தெரிந்தும் கேள்வியைத் தப்பாகப் படித்ததற்குக் 'க', வட்டத்தை மாற்றி நிரப்பியதற்கு 'வ'.

'தெ' அதிகமா? நான்கு கட்டத்திலும் பரவிக் கிடக்கிறதா? அது சோர்வு இல்லை, பாடம் பாக்கி. நிம்மதியாகப் படிக்கலாம்.

'க' குவிந்து, அதுவும் 130ஆவது கேள்விக்கு மேல் குவிந்தால், மூளை களைத்துவிட்டது. 'பொருந்தாதது எது' என்ற கேள்விக்குப் பொருந்துவதைப் போட்டிருப்பீர்கள். கூற்று சரி, காரணம் தவறு என்பதற்கு இரண்டையும் சரி என்று போட்டிருப்பீர்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் தெரிகிற விடை.

ஆனால் கடைசி 50இல் திறனறிவுக் கணக்கும் வருகிறதே, கணக்கு வராததால் குறைந்ததா, களைப்பால் குறைந்ததா? அடுத்த மாதிரித் தேர்வைத் தலைகீழாக எழுதிப் பாருங்கள்: முதலில் கணக்கு 25, பிறகு தமிழ், கடைசியில் பொது அறிவு. கணக்கில் மார்க் ஏறினால் குற்றவாளி களைப்புதான். அந்த வரிசையையே பரீட்சையிலும் வைத்துக்கொள்ளலாம், எந்தக் கேள்வியை முதலில் எழுதினாலும் யாரும் கேட்கப்போவதில்லை. கேள்வி எண்ணும் வட்டத்தின் எண்ணும் ஒன்றுதானா என்று மட்டும் ஒவ்வொரு பத்துக் கேள்விக்கும் ஒருமுறை பாருங்கள், வரிசை மாற்றி எழுதும்போது 'வ' கூடும். தவறான விடைக்கு மார்க் கழிப்பதில்லை. எனவே தெரியாத ஒரு கேள்வியில் நாலு நிமிடம் மல்லுக்கட்டிக் களைப்பதைவிடத் தாண்டிப் போய்க் கடைசியில் திரும்புவது மேல்.

வாரம் மூன்று முழுத் தேர்வு எழுதுபவர் ஒன்றாகக் குறைக்கலாம். எழுதிய தேர்வை இப்படி அலசாமல் அடுத்ததற்குப் போவதில் களைப்பைத் தவிர வேறெதுவும் சேர்வதில்லை.

அறிகுறி: யார் பேசினாலும் எரிந்து விழுகிறேன்

முதலில் மேலே சொன்ன தூக்கக் கணக்கைப் பாருங்கள், பாதி எரிச்சல் அங்கேயே தீரும். மீதிப் பாதிக்கு, கல்யாண வீட்டில் 'என்னம்மா, இன்னும் பாஸாகலையா?' என்று கேட்கிற பெரியம்மா காரணமாக இருக்கலாம். அவரை மாற்ற முடியாது. 'ரிசல்ட் வந்ததும் உங்களுக்குத்தான் முதல்ல சொல்வேன் பெரியம்மா' என்ற ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு, பந்திக்கு நகர்ந்துவிடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களிடம் மட்டும் நேரத்தைச் சொல்லிவிடுங்கள். '9 மணியிலிருந்து பத்தரை வரைக்கும் கூப்பிடாதீங்க, அப்புறம் எது வேணுமோ செய்யறேன்' என்று சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள். எப்போது கூப்பிடலாம் என்றே தெரியாததால்தான் எல்லா நேரமும் கூப்பிடுகிறார்கள்.

அறிகுறி: ஞாயிறு முழுக்க ஓய்வெடுத்தும் திங்கட்கிழமை அதே கனம்

ஓய்வில் தீர்கிற களைப்பு சாதாரணக் களைப்பு. ஓய்விலும் தீரவில்லை என்றால் எது களைக்க வைக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தீபாவளி, பொங்கல் மாதிரி கம்பெனி தொடர்ந்து லீவு விடுகிற நாட்களை நினைத்துப் பாருங்கள். அந்த நாட்களில் புத்தகம் லேசாக இருந்ததா? அப்படியென்றால் படிப்பின் மேல் பழி போடாதீர்கள், வேலைதான் உங்களைக் காலி செய்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை 'பர்ன் அவுட்' என்ற பெயரில், வேலையோடு சேர்ந்த நிலையாக விவரித்தது. மூன்று அடையாளம் சொன்னது: சக்தி வற்றிப்போவது, வேலையின் மேல் கசப்பும் விலகலும், எதைச் செய்தாலும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற எண்ணம். இதை ஒரு நோய் என்று அது வகைப்படுத்தவில்லை. ஆகவே மாத்திரை தேடுவதைவிட வேலையில் எதைக் குறைக்க முடியும் என்று தேடுவது மேல். ஓவர்டைமை வாரத்தில் இரண்டு நாளாவது மறுக்க முடியுமா, ஷிஃப்ட் மாற்றம் கேட்க முடியுமா, மேஸ்திரியிடமோ மேனேஜரிடமோ பரீட்சை மாதத்தை முன்கூட்டியே சொல்லி வைக்க முடியுமா. சம்பளம் குறையும் என்ற பயம் நியாயம்தான். வேலையை விட்டுவிட்டுப் படி என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. வருமானம் நின்றதும் வருகிற கவலை, படிக்கக் கிடைத்த நேரத்தைத் தின்றுவிடும்.

லீவு நாட்களிலும் புத்தகம் கசந்ததா? அப்போது படிப்பிலிருந்து ஒரு வாரம் முழுசாக விலகுங்கள், 'ஒரே ஒரு கரண்ட் அஃபையர்ஸ் பிடிஎஃப்' கூட வேண்டாம். அதன் பிறகும் கசந்தால், இந்தத் தேர்வு உங்கள் விருப்பமா, வீட்டின் விருப்பமா என்று வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய நேரம்.

அறிகுறி: பரீட்சைக்கு இரண்டு வாரம், கை கால் ஓடவில்லை

இப்போது எந்தக் கோளாறையும் வேரோடு சரிசெய்ய நேரம் இல்லை. வெட்டத்தான் முடியும். இதுவரை தொடாத பாடத்தை இனியும் தொடாதீர்கள். டெலிகிராம் குழுக்களை மியூட் செய்யுங்கள், கடைசி நேர முக்கியக் கேள்விகள் என்று 300 பக்கம் அங்கேதான் வந்து விழும். முந்தைய ஆண்டு வினாத்தாள்களும் நீங்களே கிறுக்கிய தாள்களும் மட்டும் போதும்.

ராத்திரியிலேயே படித்துப் பழகியவர்களுக்கு ஒரு வேலை பாக்கி. தேர்வு காலை ஒன்பதரைக்குத் தொடங்கிப் பன்னிரண்டரை வரை நடக்கும். அந்த நேரத்தில் உங்கள் மூளை இத்தனை மாதமாகப் பாடத்தைத் தொட்டதே இல்லை. இரண்டு ஞாயிறும் சரியாக ஒன்பதரைக்கு, மேஜையில், செல்போனை வேறு அறையில் வைத்துவிட்டு, முழுத் தாளையும் எழுதுங்கள். படுக்கும் நேரத்தைத் தினம் 15 நிமிடமாக முன்னுக்குக் கொண்டு வாருங்கள். லீவு இரண்டு நாள்தான் கிடைக்கும் என்றால், பரீட்சைக்கு முந்தைய நாளுக்கு ஒன்று. இன்னொன்றை அந்த வாரத்தின் நடுவில் எடுத்து, பகல் பன்னிரண்டரை வரை மட்டும் படியுங்கள். தேர்வு மையம் பல்லடத்திலோ அவிநாசியிலோ விழுந்திருந்தால், அன்று மதியம் ஒரு எட்டு போய்ப் பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது, பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டு வரலாம்.